திறந்த மூல சி நிரலகம் ஒன்றைப் பராமரிப்பதும் சோதிப்பதும்: கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

“கொழும்பு” என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? கொ, ழு, ம், பு. முதலாம் ஆண்டுப் பிள்ளை விரலை மடக்கி நான்கு என்று சொல்லிவிடும். கணினியிடம் கேட்டால் 8 குறிகள் என்கிறது. ஒகரக் குறி, உகரக் குறி, புள்ளி எல்லாம் யுனிக்கோட்டில் தனித்தனி ஆட்கள். சி மொழியின் சரநீளச் சார்பிடம் கேட்டாலோ 24 என்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் ஒரு சிறு சி நிரலகம், அதாவது மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் சார்புகளின் தொகுப்பு, எழுதினேன். தமிழ்ச் சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரிப்பதும் எண்ணுவதும்தான் அதன் வேலை. இரண்டாயிரம் வரிகூட இல்லை. எழுதி முடிக்க ஒரு மாதம் போதுமாக இருந்தது. திறந்த மூலமாக வெளியிட்ட பிறகு தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் கல்யாண அட்டை அச்சடிக்கும் ஓர் அச்சகம் அதைப் பயன்படுத்துகிறது. குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கும் ஒருவரும், குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் எழுதிய ஒருவரும் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள் யாரென்று தெரியாது. அந்தத் தெரியாதவர்களை நினைத்துத்தான் இந்தப் படிகள் எல்லாம்.

சி மொழி தெரிந்தவர், லினக்ஸில் நிரலைத் தொகுக்கத் தெரிந்தவர் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். உங்கள் நிரலகம் தமிழைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. படங்களைச் சுருக்குவதானாலும் வலையமைப்புப் பொதிகளை வாசிப்பதானாலும் வழி இதுவே.

படி 1: தலைப்புக் கோப்பை ஒப்பந்தமாக எழுதுங்கள்

பலர் சோதனையில் தொடங்குவார்கள். நான் தலைப்புக் கோப்பில் தொடங்கச் சொல்வேன். எதைச் சோதிப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. உள்ளே இருக்கும் நிரலை நாளைக்கே தலைகீழாக மாற்றலாம். தலைப்புக் கோப்பில் போட்டது போட்டதுதான், வேறொருவர் அதை நம்பித் தன் நிரலை எழுதிவிட்டார்.

ஒவ்வொரு சார்புக்கு மேலேயும் நான்கு விஷயங்களைக் குறிப்புரையாக எழுதுங்கள். உள்ளீட்டுச் சுட்டி வெறுமையாக இருக்கலாமா? திருப்பிக் கொடுக்கும் நினைவகம் யாருடையது, அதை யார் விடுவிக்க வேண்டும்? கெட்ட உள்ளீடு வந்தால் என்ன திரும்பும்? ஒரே நேரத்தில் இரண்டு இழைகள் அழைத்தால் பாதுகாப்பானதா? “யார் விடுவிப்பது” என்ற கேள்விக்கு விடை எழுதாத நிரலகங்களால் உலகத்தில் ஒழுகிய நினைவகத்துக்குக் கணக்கில்லை.

அடுத்து, கட்டமைப்புகளின் உள்ளுறுப்புகளை வெளியே காட்டாதீர்கள். பெயரை மட்டும் தலைப்புக் கோப்பில் அறிவித்து, உறுப்புகளை உள்கோப்பில் வையுங்கள். நான் முதல் பதிப்பில் கட்டமைப்பை முழுவதுமாகத் திறந்து வைத்திருந்தேன். பிறகு அதில் ஒரே ஓர் உறுப்பைக் கூட்டினேன். பயனரின் நிரல் பழைய அளவுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. புதிய நிரலகம் புதிய அளவுக்கு எழுதியது. பக்கத்திலிருந்த மாறி அழிந்தது. தொகுக்கும்போது ஒரு சத்தமும் இல்லை.

நிரலகத்துக்குள் மட்டும் பயன்படும் சார்புகளையும் வெளியே தெரிய விடாதீர்கள். ஜிசிசி, கிளாங் என்ற தொகுப்பான்கள் இரண்டிலும் இயல்பாகவே எல்லாப் பெயரையும் மறைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் வெளிக்காட்டும் தெரிவு இருக்கிறது. வெளியே தெரியும் எதையும் யாரோ ஒருவர் ஒருநாள் அழைத்தே தீருவார்.

இதே கோப்பில்தான் தமிழ்ச் சிக்கல்களுக்கும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. “ஸ்ரீ” நான்கு குறிகள், 12 பைட்டுகள். ஓர் எழுத்தா, இரண்டா? யுனிக்கோட்டின் பொதுவான பிரிப்பு விதியை அப்படியே பின்பற்றினால் “க்ஷ”கூட இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டையும் ஒன்று என்றே எண்ணுவது என முடிவுசெய்து அதை எழுதிவைத்தேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். எழுதிவைத்தபடியால் இப்போது அது வழு அல்ல, கொள்கை.

படி 2: இரண்டு தொகுப்பான்கள், எல்லா எச்சரிக்கைகளும்

ஜிசிசியில் ஒரு முறை, கிளாங்கில் ஒரு முறை தொகுங்கள். இரண்டிலும் ‘டபிள்யூ-ஆல்’, ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ என்ற தெரிவுகள் எப்போதும் இருக்கட்டும். உங்கள் கணினியில் எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருதும் தெரிவையும் போடுங்கள். வெளியீட்டில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். நாளை வரும் தொகுப்பான் புதிதாக ஓர் எச்சரிக்கை எழுப்பினால், உங்கள் நிரலகம் இன்னொருவர் கணினியில் தொகுபடாமல் நின்றுவிடும்.

இந்தப் படியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. ஒரு பல்கலைக்கழக மாணவர் எண்ணும் சார்பை வேகமாக்கித் திருத்தம் ஒன்று அனுப்பினார். அவர் கணினியில் எல்லாச் சோதனையும் தேறியது. என் மடிக்கணினியில் எந்தத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தாலும் பூச்சியம். இருவரும் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். “அண்ணா, எனக்குச் சரியாகத்தான் வருகிறது” என்று அவர் படம் எடுத்து அனுப்பினார். “தம்பி, எதில் ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்டபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அவர் வைத்திருந்தது ராஸ்பெரி பை, ஏஆர்எம் செயலி உள்ள சிறு கணினி.

நடந்தது இதுதான். தமிழ்க் குறி எதுவானாலும் அதன் முதல் பைட்டு 224. சி மொழியில் ‘சார்’ என்ற தரவு வகை குறியுள்ளதா (எதிர்ம எண்ணையும் கொள்ளுமா), குறியற்றதா என்பதைத் தரநிலை சொல்லவில்லை, தொகுப்பானிடம் விட்டுவிட்டது. ஏஆர்எம் செயலியில் ஓடும் லினக்ஸில் அது குறியற்றது, ஆகவே 224 என்பது 224 ஆகவே இருக்கிறது. என் இன்டெல் மடிக்கணினியில் அது குறியுள்ளது. -128 முதல் 127 வரைதான் கொள்ளும், ஆகவே அதே பைட்டு -32 ஆகத் தெரிகிறது. “இது 224ஆ?” என்ற கேள்விக்கு அங்கே ஒருநாளும் ஆம் என்ற விடை வராது.

இன்டெல் கணினியில் ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ போட்டிருந்தால், இந்த ஒப்பீடு எப்போதும் பொய் என்று ஜிசிசி முதல் நொடியிலேயே சொல்லியிருக்கும். தொகுக்கும் கட்டளைகளை எழுதிவைக்கும் என் ‘மேக்’ கோப்பில் அந்தத் தெரிவு இருக்கவில்லை. பிழை மாணவருடையது மட்டுமல்ல.

தீர்வு எளிது. பைட்டுகளைத் தொடும் இடமெல்லாம் குறியற்ற ‘சார்’ ஆக மாற்றுங்கள். இடைவெளியா, எழுத்தா என்று பார்க்கும் தரநிலைச் சார்புகளுக்குக் கொடுக்கும் முன்பும் அப்படியே. அவற்றுக்கு எதிர்ம எண் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. சோதிக்க ராஸ்பெரி பை வாங்கவும் வேண்டாம். ‘சார்’ குறியற்றது என்றும் குறியுள்ளது என்றும் கட்டாயப்படுத்தும் தெரிவுகள் ஜிசிசியிலேயே இருக்கின்றன. இரண்டு முறை தொகுத்து இரண்டு முறை சோதனையை ஓட்டுங்கள்.

படி 3: சோதனை அட்டவணை

செக், சிமொக்கா, யுனிட்டி என்று சி மொழிக்குச் சோதனைச் சட்டகங்கள் பல உண்டு. பெரிய நிரலகமானால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிறியதானால் ஓர் அணியும் ஒரு சுற்றும் போதும். என்னுடையது இப்படித்தான் தொடங்குகிறது:

கொழும்பு (ஒகரக் குறி ஒன்றாக): 24 பைட்டு, 8 குறி, 4 எழுத்து
கொழும்பு (கொம்பும் காலும் தனித்தனியாக): 27 பைட்டு, 9 குறி, 4 எழுத்து
இலங்கை: 18 பைட்டு, 6 குறி, 4 எழுத்து
அஃது: 12 பைட்டு, 4 குறி, 3 எழுத்து
ஒளி: 9 பைட்டு, 3 குறி, 2 எழுத்து
வெற்றுச் சரம்: எல்லாம் 0

முதல் இரண்டு வரிகளையும் பாருங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை அவசரமாக எழுதிய மாற்றி ஒன்றினால் யுனிக்கோட்டுக்குக் கொண்டுவந்தால், “கொ”வில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் வந்து நிற்கும். கொழும்பில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் பாமினிக் கோப்புகள் மலையாகக் கிடக்கின்றன. ஆகவே இது எப்போதாவது வரும் விசித்திர உள்ளீடு அல்ல, அன்றாடச் சரக்கு. உங்கள் துறையிலும் இப்படி ஒரு “அழுக்கான ஆனால் வழக்கமான” தரவு இருக்கும். அதைத் தேடிப்பிடித்து முதல் வரியில் வையுங்கள்.

பிறகு ஒரு விதி. வழு ஒன்று வந்தால், திருத்துவதற்கு முன் அதைக் காட்டும் வரியை அட்டவணையில் சேருங்கள். சோதனை தோற்பதைக் கண்ணால் பாருங்கள். அதன்பின் திருத்துங்கள். தோற்றுப் பார்க்காத சோதனையை நம்பக்கூடாது.

ஏன் என்றால் இதைக் கேளுங்கள். சியின் ‘அசெர்ட்’ கட்டளை, ‘என்டீபக்’ என்ற பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் ஒன்றுமே செய்யாமல் மறைந்துவிடும். சிமேக் கருவி ‘வெளியீடு’ வகையில் தொகுக்கும்போது அந்தப் பெயரைத் தானாகவே வரையறுத்துவிடுகிறது. சோதனைகளை ‘அசெர்ட்’ கொண்டு எழுதி வெளியீட்டு வகையில் ஓட்டினால் அத்தனையும் தேறும், ஏனென்றால் அங்கே சோதனையே இல்லை. பல வாரம் எனக்கு எல்லாம் பச்சையாக இருந்தது. சொந்தமாக மூன்று வரியில் ஒரு சரிபார்ப்புச் சார்பு எழுதிக்கொண்டேன், இப்போது அதுதான்.

சோதனைகள் எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எஸ்கியூலைட்டைக் காட்டுவேன். அந்தத் தரவுத்தள நிரலகத்தின் சோதனை நிரல், நிரலகத்தைவிடச் சுமார் 590 மடங்கு பெரியது. நீங்களும் நானும் அங்கே போகப் போவதில்லை. ஆனால் சோதனைக் கோப்பு மூலக் கோப்பைவிட நீளமாகிவிட்டதே என்று கூச்சப்படத் தேவையில்லை.

படி 4: சானிடைசர்கள்

சி மொழியில் அணியின் எல்லை தாண்டி வாசித்தால் ஒன்றும் நடக்காமலும் போகலாம். அதுதான் ஆபத்து. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் வழு அப்படிப்பட்டது. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகம், எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, ஒரு தடவைக்கு 64 கிலோபைட்டு வரை தன் நினைவகத்தை அள்ளிக் கொடுத்தது. சேவையகங்கள் நிலைகுலையவில்லை. அமைதியாகக் கொடுத்துக்கொண்டிருந்தன.

அட்ரஸ் சானிடைசர், இந்த அமைதியைக் கலைக்கும் கருவி. ஜிசிசியிலும் கிளாங்கிலும் கூடவே வருகிறது, தொகுக்கும்போது ஒரு தெரிவு சேர்த்தால் போதும். நிரல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாகும், சோதனைக்கு அது பொருட்டல்ல. வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் சானிடைசரையும் சேர்த்தே போடுங்கள்.

எனக்கு அது பிடித்துக்கொடுத்த முதல் மீன் இது. அச்சகத்திலிருந்து, நீண்ட பெயர்கள் வந்தால் நிரல் சிலவேளை நின்றுவிடுகிறது என்றார்கள். அவர்களின் தரவுத்தளத்தில் பெயருக்கு 50 பைட்டு ஒதுக்கியிருந்தார்கள். “சிவபாலசுந்தரமூர்த்தி” போன்ற ஒரு பெயர் 20 குறிகள், 60 பைட்டுகள். 50இல் வெட்டினால் 16 குறிகளுக்கு 48 பைட்டு போக மிச்சம் 2. அடுத்து வரவேண்டியது “த்”தின் தகரம், அதன் பைட்டுகள் 224, 174, 164. முதல் இரண்டும் நிற்கின்றன, மூன்றாவது துண்டாகிவிட்டது. “சிவபாலசுந்தரமூர்” என்று பெயர் நின்று, பின்னால் அரை எழுத்து தொங்குகிறது.

என் நிரல் 224ஐக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று அடி தாவியது. சுற்று முடியும் நிபந்தனையோ “இடம் நீளத்துக்குச் சமமாகும் வரை” என்று இருந்தது. 48இலிருந்து தாவினால் 51. 50ஐத் தொடவே இல்லை. பிறகு கண்டதையெல்லாம் வாசித்துக்கொண்டு ஓடியது.

இதற்குச் சோதனை எழுதும்போதும் ஒரு பொறி இருக்கிறது. உள்ளீட்டை மேற்கோளுக்குள் சரமாகக் கொடுத்தால், இறுதியில் சி மொழி ஒரு பூச்சியப் பைட்டை ஒட்டிவிடும். ஒரு பைட்டு எல்லை மீறும் வழு அந்தப் பூச்சியத்தை வாசித்துவிட்டு நல்ல பிள்ளையாகத் தப்பிவிடும். ஆகவே சோதனையில், சரியாக 50 பைட்டு நினைவகம் ஒதுக்கி, பைட்டுகளை அதில் பிரதிசெய்து, அந்தச் சுட்டியைக் கொடுங்கள். அப்போது 51ஆவது பைட்டைத் தொட்டதும் சானிடைசர் கூச்சலிடும். எந்த வரியில் வாசித்தாய், எந்த வரியில் அந்த நினைவகம் ஒதுக்கப்பட்டது, ஒதுக்கிய பகுதிக்கு எத்தனை பைட்டு அப்பால் என்று எல்லாம் எழுதிக் காட்டும். அறிக்கை நீளமானது. மேலேயுள்ள பத்து வரியைப் படித்தால் பெரும்பாலும் போதும்.

வால்கிரைண்டும் நல்ல கருவிதான். மீண்டும் தொகுக்காமலேயே எந்த நிரலையும் சோதிக்கும், மதிப்பிடாத மாறிகளை வாசிப்பதையும் பிடிக்கும். ஆனால் இருபது முப்பது மடங்கு மெதுவாகும், அட்ரஸ் சானிடைசருடன் சேர்ந்து ஓடாது. நான் வெளியீட்டுக்கு முதல்நாள் இரவு ஒருமுறை அதை ஓட்டிவிட்டுத் தூங்கப் போவேன்.

படி 5: நினைவகம் கிடைக்காத நாள்

உங்கள் கணினியில் நினைவகம் கேட்டால் எப்போதும் கிடைக்கும். ஆகவே “கிடைக்காவிட்டால்” என்று எழுதிய வரிகள் ஒருநாளும் ஓடியிருக்காது. ஓடாத வரியில் வழு இல்லை என்று யார் சொன்னது?

நிரலகத்துக்குள் நினைவகம் கேட்கும் இடங்களையெல்லாம் சொந்தச் சார்பு ஒன்றின் வழியாகத் திருப்புங்கள். சோதனையில் அந்தச் சார்பு முதல் அழைப்பிலேயே கையை விரிக்கட்டும். அடுத்த சுற்றில் இரண்டாவது அழைப்பில். பிறகு மூன்றாவதில். வேலை முழுவதும் வெற்றிபெறும் வரை இப்படியே. ஒவ்வொரு தோல்வியிலும் நிரலகம் ஒழுங்காகப் பிழைக்குறி திருப்புகிறதா, அதுவரை எடுத்த நினைவகத்தை விடுவிக்கிறதா என்று பாருங்கள். இருபது வரிதான்.

எனக்கு இதில் அகப்பட்டது ‘ரியாலொக்’கின் பழைய வித்தை. திரும்பி வருவதை அதே சுட்டியில் போட்டிருந்தேன். தோற்றால் வெறுமைச் சுட்டி வரும், பழைய நினைவகம் அப்படியே இருக்கும், அதன் முகவரி மட்டும் தொலைந்துவிடும். தற்காலிகச் சுட்டியில் வாங்கிப் பார்த்த பிறகே பழையதில் போட வேண்டும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். நான் பாடப்புத்தகம் படித்தவன்தான்.

படி 6: ஃபஸிங்

நீங்கள் எழுதும் சோதனைகள் உங்களுக்குத் தோன்றும் தவறுகளையே தேடும். ஃபஸர், அதாவது தாறுமாறான உள்ளீடுகளைத் தானே உருவாக்கிக் கொடுத்துப் பார்க்கும் கருவி, தோன்றாதவற்றைத் தேடும். கிளாங்கோடு வரும் லிப்ஃபஸருக்கு நீங்கள் எழுதவேண்டியது ஒரே ஒரு சார்பு. லிப்ஃபஸர் அதற்கு ஒரு பைட்டுச் சுட்டியையும் நீளத்தையும் தரும், நீங்கள் அவற்றை உங்கள் நிரலகத்துக்குக் கொடுக்க வேண்டும். நிரலின் புதிய பாதைகளைத் திறக்கும் உள்ளீடுகளை அதுவே சேமித்து, அவற்றை மேலும் திரித்துத் திரித்துப் பார்க்கும். விதையாகப் படி 3இன் அட்டவணையையே போடுங்கள்.

நிலைகுலையவில்லை என்பது மட்டும் போதாது. என்ன உள்ளீடு வந்தாலும் மாறாத உண்மைகள் சிலவற்றை அந்தச் சார்புக்குள்ளேயே சரிபாருங்கள். எழுத்துகளின் தொகை குறிகளின் தொகையைத் தாண்டக்கூடாது. குறிகள் பைட்டுகளைத் தாண்டக்கூடாது. பிரித்த துண்டுகளை ஒட்டினால் மூலச் சரம் ஒரு பைட்டும் பிசகாமல் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி விதிதான் என் நிரலகத்தில் அதிக வழுக்களைக் காட்டிக்கொடுத்தது. உயிர்மெய்க்குறி முன்னால் வந்து மெய் இல்லாமல் நின்றால் அதை நான் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அகப்பட்ட உள்ளீட்டைச் சுருக்கும் வசதியும் லிப்ஃபஸரில் இருக்கிறது. நானூறு பைட்டுக் குப்பை நான்கு பைட்டாகச் சுருங்கி வரும்போது காரணம் தானே தெரியும். அந்த நான்கு பைட்டு உடனே அட்டவணைக்குப் போக வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில்தான் நான் ஃபஸிங் பழகினேன். மின்சாரம் வந்ததும் ஓட்டுவேன், மின்கலம் தீரும் வரை ஓடும். சேகரித்த உள்ளீடுகளைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்திருந்தேன். என் லினக்ஸில் அந்தக் கோப்புறை நினைவகத்திலேயே இருப்பது. மடிக்கணினி அணைந்து எழுந்தபோது இரண்டு நாள் சேகரம் போயிருந்தது. சேகரத்தை நிலைவட்டில் வையுங்கள், மூல நிரல் இருக்கும் களஞ்சியத்துக்குப் பக்கத்தில்.

படி 7: தானியங்கிச் சோதனை

சுருக்கமாக: ஒவ்வொரு திருத்தமும் களஞ்சியத்துக்கு வரும்போது மேலுள்ளவை தானாக ஓட வேண்டும். திறந்த களஞ்சியங்களுக்கு கிட்ஹப் இதை இலவசமாகத் தருகிறது. இரண்டு தொகுப்பான், சானிடைசருடன் ஒரு ஓட்டம், 32 பிட்டில் ஒரு ஓட்டம், ஐந்து நிமிட ஃபஸிங். பைட்டு வரிசை தலைகீழான செயலியிலும் பார்க்க விரும்பினால், வேறு செயலிகளைப் போல நடிக்கும் கியூஎமு உதவும். பத்து நிமிடத்துக்குமேல் ஓடினால் யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

படி 8: வழுவறிக்கையும் மனிதர்களும்

வழுவறிக்கைக்கு ஒரு படிவம் வையுங்கள்: எந்தப் பதிப்பு, எந்தத் தொகுப்பான், என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன எதிர்பார்த்தீர்கள். கொடுத்ததை எழுத்தாக அல்லாமல் பைட்டு எண்களாகக் கேளுங்கள். மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பும்போது குறிகள் இடையில் எங்காவது இணைக்கப்பட்டு விடலாம், பிறகு வழு உங்களிடம் வரும்போது வழுவாக இருக்காது.

எல்லா அறிக்கையும் வழு அல்ல. அச்சகத்துப் பெரியவர் ஒருநாள் அழைத்தார்.

“தம்பி, ‘ஒளவையார்’ என்று அடித்தால் உங்கள் மென்பொருள் ஐந்து என்கிறது. நான்கு அல்லவா?”

“ஐயா, நீங்கள் அடித்தது ஔகாரம் அல்ல. ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரம்.”

“பார்க்க ஒன்றுதானே? நீங்களே அதை ஔ ஆக்கிவிடுங்களேன்.”

“ஆக்கினால் ‘ஒளி’ என்ன ஆகும் ஐயா?”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, தட்டச்சில் இந்தத் தவறு எங்கும் நடக்கிறது. ஆனால் எண்ணும் சார்பு தன்னிச்சையாகத் திருத்தத் தொடங்கினால், பிரித்து ஒட்டினால் மூலம் திரும்பும் என்ற வாக்குறுதி உடையும். ஆகவே சந்தேகத்துக்குரிய “ஒள” இடங்களைக் காட்டிக்கொடுக்கும் தனிச் சார்பு ஒன்றைச் சேர்த்தேன். வேண்டியவர் அழைக்கலாம். பழைய சார்பு பழையபடி. “முடியாது” என்று சொல்லும்போது பக்கத்தில் ஒரு வழியையும் காட்டினால், கேட்டவர் அடுத்த வழுவையும் உங்களிடமே கொண்டுவருவார்.

புதியவர்களின் திருத்தங்களுக்கு ஒரு வாரத்துக்குள் ஒரு வரியாவது பதில் எழுதுங்கள். ராஸ்பெரி பை மாணவர் இன்று என்னைவிட அதிகமாக இந்த நிரலகத்தில் எழுதுகிறார்.

படி 9: வெளியீடு

பதிப்பு எண் மூன்று பகுதி. வழுத் திருத்தம் மட்டுமானால் கடைசி எண் கூடும். புதிய சார்பு சேர்ந்தால் நடு எண். இருந்ததை உடைத்தால் முதல் எண். பகிர்வு நிரலகமாகக் கொடுத்தால், கோப்பின் பெயரோடு வரும் இடைமுக எண் வேறு. அது தொகுத்த நிரல்களோடு இசைவு உடையும்போது மட்டுமே மாற வேண்டும். உடைந்ததா என்பதை ஊகிக்காதீர்கள். ‘அபிடிஃப்’ என்ற கருவி பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எந்தச் சார்பு காணாமல் போனது, எந்தக் கட்டமைப்பின் அளவு மாறியது என்று சொல்லிவிடும்.

வெளியீட்டுப் பொதியைக் களஞ்சியத்திலிருந்தே, ஒரே கட்டளையில், யார் செய்தாலும் ஒரே பைட்டுகள் வரும்படி உருவாக்குங்கள். ஏன் என்பதை 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகம் காட்டியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று நுழைந்திருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகள் பொதியில் மட்டும் இருந்தன, கிட் களஞ்சியத்தில் இல்லை. நஞ்சு ஒளிந்திருந்ததோ சோதனைக்கான சுருக்கக் கோப்புகள் என்ற பெயரில். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்து விடாப்பிடியாகத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார்.

அதைப் படித்த அன்றே என் சோதனைக் கோப்புறையில் இருந்த இருமக் கோப்புகளை எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது சோதனை உள்ளீடு முழுவதும் 224, 174, 149 என்று எண்களாகவே மூலக் கோப்பில் இருக்கிறது. கண்ணால் வாசிக்கமுடியாத எதுவும் என் களஞ்சியத்துக்குள் வராது. உங்கள் நிரலகம் படங்களையோ ஒலியையோ கையாண்டால் இப்படிச் செய்ய முடியாது. அப்போது அந்தக் கோப்புகளை உருவாக்கும் நிரலையும் கூடவே வையுங்கள்.

படி 10: இரண்டாவது சாவி

இந்த நகரத்தவர்கள் பெருமளவில் உழைத்த சி நிரலகம் ஒன்று உண்டு. அப்பாச்சி ஆக்சிஸ்2/சி. அதன் 1.6.0 பதிப்பு 2009இல் வந்தது. அதன்பின் நெடுங்காலம் புதிய வெளியீடு வரவில்லை. எழுதியவர்கள் வேறு வேலைகளுக்கும் வேறு நாடுகளுக்கும் போவது இயல்பு. நிரல் அங்கேயே இருக்கும், வெளியிட ஆள் இருக்கமாட்டார்.

பராமரிப்பவரில் எத்தனை பேரை பஸ் மோதினால் வேலை நின்றுபோகும் என்று நிரலாளர்கள் கணக்குப் போடுவார்கள். காலி வீதியில் 100ஆம் இலக்கமும் 101ஆம் இலக்கமும் போட்டி போட்டு ஓடுவதைத் தினமும் பார்ப்பவனுக்கு அது வெறும் உவமை அல்ல. என் கணக்கு ஒன்று என்றுதான் இருந்தது.

வெளியிடும் முறையை ஒரு கோப்பில் எழுதுங்கள், கட்டளை கட்டளையாக. அதை வைத்து இன்னொருவரை ஒரு வெளியீடு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்கக்கூடாது. அவர் தடுமாறும் இடத்தைக் கோப்பில் திருத்துங்கள். உரிமையைக் கொடுப்பதில் அவசரமும் வேண்டாம். எக்ஸ்இசட்டில் களைத்துப்போன பராமரிப்பாளரை வெளியிலிருந்து நெருக்கித்தான் அந்தச் சாவி வாங்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் திருத்தம் அனுப்பியவராக, முடிந்தால் நேரில் முகம் பார்த்தவராக இருக்கட்டும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பம்பலப்பிட்டியில் ஒரு தேநீர்க் கடையில், மாணவர் தன் மடிக்கணினியில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த பதிப்பை வெளியிட்டார். ஐந்தாவது கட்டளையில் நின்றார். கையொப்பச் சாவியின் கடவுச்சொல்லை எங்கே இட வேண்டும் என்று நான் எழுதியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்தேன். அவரே கண்டுபிடித்து, முதலில் அந்த வரியைக் கோப்பில் சேர்த்து, பிறகு தொடர்ந்தார்.